வீடியோ கன்வெர்ட் செய்யும்போது பாதியில் நிற்கிறதா? கிராஷ், மெமரி பிழைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வேலை பாதியில் நின்றால், பலரும் உடனே வேறு கன்வெர்ட்டரைத் தேடுகிறார்கள், இல்லாவிட்டால் ரேம் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே செலவில்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. ஹேண்ட்பிரேக், கட்டளை எழுதி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் என்ற இரண்டு இலவச கன்வெர்ட்டர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். நீங்கள் பயன்படுத்துவது வேறு மென்பொருளாக இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். ஏனென்றால் இலவசமாகவும் காசுக்கும் கிடைக்கிற கன்வெர்ட்டர்களில் பலவற்றின் உள்ளே ஓடுவது எஃப்எஃப்எம்பெக்தான்.

கன்வெர்ட் செய்துகொண்டிருக்கும்போதே புரோகிராம் மூடிவிடுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள். எந்த செட்டிங்கையும் மாற்றாமல், அதே ஃபைலை இன்னொரு முறை ஓட்டுங்கள். இந்த ஒரு சோதனையை யாரும் செய்வதில்லை. ஆளாளுக்கு நாலு செட்டிங்கை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே தெரியாமல் நிற்கிறார்கள்.

இரண்டு முறையும் ஒரே இடத்தில், உதாரணமாக 37 சதவீதத்தில் நின்றால், சந்தேகம் ஃபைல் மீது. ஒருமுறை 12, அடுத்தமுறை 64 என்று மாறி மாறி நின்றால், சந்தேகம் கம்ப்யூட்டர் மீது. மெமரி பயன்பாடு படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போனதும் நின்றால், செட்டிங் மீது. ஆரம்பித்த உடனேயே நின்றால் டிரைவர், ஃபோல்டர் அனுமதி, ஃபைல் பெயர் மாதிரியான விஷயங்கள். கடைசியில் நின்றால் பெரும்பாலும் டிஸ்க். புரோகிராம் மட்டும் மூடாமல் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டால் சூடு அல்லது மின்சாரம். இதில் உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு கீழே அதற்கான கேள்விக்குப் போங்கள்.

‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வருகிறது. ஆனால் 16 ஜிபி ரேமில் பாதி காலியாகத்தானே இருக்கிறது?

விண்டோஸில் இது அடிக்கடி நடக்கும். ஒரு புரோகிராம் மெமரி கேட்கும்போது விண்டோஸ் ரேமில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ரேம், அதற்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் ஒதுக்கும் பேஜ் ஃபைல் இரண்டையும் கூட்டி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. எல்லாப் புரோகிராம்களுக்கும் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்த மெமரி அந்த வரம்பைத் தொட்டால், ரேம் நிஜத்தில் காலியாக இருந்தாலும் அடுத்து கேட்பவருக்கு இல்லை என்று சொல்லிவிடும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தட்டுங்கள். கீழே ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் சாய்கோட்டோடு இருக்கும். அது 15.2/15.9 என்ற மாதிரி இருந்தால் பிரச்சினை அங்கேதான். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் வரும். ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ போய், ‘விர்ச்சுவல் மெமரி’யில் அளவை விண்டோஸே தீர்மானிக்கட்டும் என்று டிக் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி டிரைவில் இடம் இல்லாவிட்டால் பேஜ் ஃபைல் வளர முடியாது, அதையும் பாருங்கள்.

இன்னொரு காரணம், புரோகிராம் 32-பிட்டாக இருப்பது. 32-பிட் புரோகிராமுக்கு விண்டோஸ் சாதாரணமாகத் தருவது 2 ஜிபி முகவரி இடம்தான். பெரிய இடத்தைக் கையாளும்படி தயாரிக்கப்பட்டதாக இருந்தால் 64-பிட் விண்டோஸில் 4 ஜிபி வரை போகும். கம்ப்யூட்டரில் 64 ஜிபி ரேம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘பிளாட்ஃபார்ம்’ என்ற நெடுவரிசையைச் சேர்த்தால் எது 32-பிட், எது 64-பிட் என்று தெரிந்துவிடும். பழைய விர்ச்சுவல்டப், அதற்காகச் சேர்த்து வைத்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்) பேக்குகள், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கன்வெர்ட்டர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. 4கே வீடியோவை அவற்றிடம் கொடுத்துப் பயனில்லை. 64-பிட் பதிப்புக்கு மாறுவதுதான் வழி.

ஒரு வீடியோவை மாற்ற உண்மையில் எவ்வளவு ரேம் தேவை?

ஃபைல் 2 ஜிபியா 40 ஜிபியா என்பதற்கும் இதற்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். என்கோடர், அதாவது வீடியோவைப் புதிய வடிவில் சுருக்கி எழுதும் பகுதி, மொத்த ஃபைலையும் ரேமில் ஏற்றுவதில்லை. ஒரு சமயத்தில் சில பத்து ஃபிரேம்களைத்தான் கையில் வைத்திருக்கும். ஆகவே கணக்கில் வருவது ஒரு ஃபிரேமின் அளவும், எத்தனை ஃபிரேம்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும்தான்.

ஒரு ஃபிரேமின் அளவைக் கணக்குப் போடுவது எளிது. வழக்கமான 8-பிட் வீடியோவில் ஒரு பிக்சலுக்கு ஒன்றரை பைட். 1920க்கு 1080 என்றால் 31,10,400 பைட், அதாவது 3 மெகாபைட் சொச்சம். 4கே அதைப்போல நான்கு மடங்கு, 12.4 மெகாபைட். 10-பிட்டாக இருந்தால் ஒவ்வொரு மதிப்பும் இரண்டு பைட்டில் வைக்கப்படுவதால் அதுவும் இரட்டிப்பாகி 25 மெகாபைட்டைத் தொடும். 8கே 10-பிட் என்றால் ஒரே ஃபிரேம் 100 மெகாபைட் அளவுக்கு வந்துவிடுகிறது.

அடுத்து எத்தனை ஃபிரேம்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு பிட் ஒதுக்குவது என்று முடிவு செய்ய, எச்.264 வடிவத்துக்கான எக்ஸ்264 என்கோடர் வரப்போகும் ஃபிரேம்களை முன்கூட்டியே பார்க்கிறது. இதுதான் லுக்அஹெட். ‘மீடியம்’ பிரீசெட்டில் (முன்கூட்டியே அமைத்த செட்டிங் தொகுப்பு) 40 ஃபிரேம்கள், ‘வெரிஸ்லோ’வில் 60. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் ஃபிரேம்கள் மீடியத்தில் 3, வெரிஸ்லோவில் 16. இதற்கு மேல் த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைப் பிரிவுகள். எக்ஸ்264 தானாக விட்டால் புராசஸரின் லாஜிக்கல் கோர்களைப்போல ஒன்றரை மடங்கு த்ரெட்களைத் திறக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளும். 16 லாஜிக்கல் கோர் என்றால் 24. எல்லாம் கூட்டினால் வெரிஸ்லோவில் நூறு ஃபிரேம் எப்போதும் மெமரியில். 4கே 8-பிட்டுக்கு அதுவே 1.2 ஜிபி. இதுபோக என்கோடர் தன் வேலைக்காக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நகல்கள் வைத்துக்கொள்வதால் நிஜக் கணக்கு இதைவிடப் பெரியது. எச்.265 வடிவத்துக்கான எக்ஸ்265 இன்னும் அதிகம் கேட்கும். 4கே 10-பிட்டை மெதுவான பிரீசெட்டில் எக்ஸ்265-க்குக் கொடுத்தால் பல ஜிபி போவது சாதாரணம். அது கோளாறு அல்ல.

கோர் அதிகமான புராசஸர் வாங்கிவிட்டு ரேமை 8 ஜிபியிலேயே விட்டவர்களுக்கு ‘பழைய கம்ப்யூட்டரில் ஓடியது புதியதில் ஓடவில்லை’ என்று நடப்பதற்கு இந்த த்ரெட் கணக்குதான் காரணம்.

மெமரி ஏறிக்கொண்டே போகிறது, நிற்பதே இல்லை. இது மெமரி லீக்கா?

லீக்காக, அதாவது எடுத்த மெமரியைப் புரோகிராம் திருப்பித் தராத கோளாறாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன் உங்கள் ஃபில்டர்களை (படத்தை மாற்றும் கூடுதல் வேலைகளை) பாருங்கள். சில ஃபில்டர்கள் முழு வீடியோவும் வந்து சேரும்வரை எதையும் வெளியே விட முடியாது. வீடியோவைப் பின்னோக்கி ஓட்டும் ‘ரிவர்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். கடைசி ஃபிரேம் கையில் வந்தால்தான் முதல் ஃபிரேமைக் கொடுக்க முடியும், அதனால் எல்லாவற்றையும் விரித்த நிலையில் மெமரியில் வைக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் ஒரு நிமிட 1080 வீடியோவில் 1,800 ஃபிரேம்கள். மேலே பார்த்த கணக்குப்படி 5.6 ஜிபி. ஐந்து நிமிட வீடியோவைத் திருப்பிப் போட்டால் 28 ஜிபி. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தாங்காது. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் திருப்பி, வரிசையை மாற்றி ஒட்டுவதுதான் வழி.

ஜிஃப் செய்கிறவர்களுக்கும் இதே சிக்கல். வண்ணப் பட்டியலை உருவாக்கும் ‘பேலட்ஜென்’, அதைப் பயன்படுத்தும் ‘பேலட்யூஸ்’ இரண்டையும் ஒரே கட்டளையில் ‘ஸ்ப்ளிட்’ போட்டு இணைத்தால், பட்டியல் தயாராகும்வரை மற்றக் கிளையில் எல்லா ஃபிரேமும் வரிசையில் காத்து நிற்கும். இரண்டு கட்டளைகளாகப் பிரியுங்கள். முதலில் பட்டியலை ஒரு படமாகச் சேமியுங்கள், பிறகு அதை உள்ளீடாகக் கொடுங்கள். மெமரி தேவை ஒரேயடியாகக் குறைந்துவிடும்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் வரும் சப்டைட்டிலை வீடியோ மேல் பதிக்கும்போதும் சில சமயம் இப்படி வரிசை நீளும். சப்டைட்டிலை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். மெமரி சமமாக நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. எந்த ஃபில்டரும் இல்லை, சப்டைட்டிலும் இல்லை, ஒரே ஒரு வேலைதான் ஓடுகிறது, அப்போதும் ஏறுகிறது என்றால் அது லீக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், ஹேண்ட்பிரேக்கில் ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்று ஒரு செட்டிங் உண்டு. அதை 1-ல் வையுங்கள். எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டும் ஒற்றை வேலையிலேயே கோர்களை நன்றாகப் பயன்படுத்தும். நான்கு வேலைகளைச் சேர்த்து ஓட்டினால் வேகம் நான்கு மடங்கு கூடாது. மெமரி மட்டும் நான்கு மடங்கு போகும்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது. ஆனால் அந்த வீடியோ விஎல்சியில் நன்றாக ஓடுகிறதே?

விஎல்சி மாதிரி பிளேயர்கள் கெட்ட இடத்தைத் தாண்டிப் போகப் பழக்கப்பட்டவை. அரை நொடி கட்டம் கட்டமாகத் தெரிந்துவிட்டுத் தொடரும், பார்ப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். கன்வெர்ட்டருக்கு அந்த வசதி குறைவு. ஒவ்வொரு ஃபிரேமையும் அது முழுதாகப் பிரித்தாக வேண்டும்.

ஃபைலைச் சோதிக்க ஒரு நல்ல வழி, எதையும் எழுதாமல் பிரிக்க மட்டும் சொல்வது. எஃப்எஃப்எம்பெக்கில் வெளியீட்டு வடிவமாக ‘நல்’ என்று கொடுத்தால் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பிரித்துவிட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடும். பிழைகளை மட்டும் காட்டச் சொல்லி ஓட்டினால், எந்த நேரத்தில் எந்த ஓடையில் (படம், ஒலி ஒவ்வொன்றும் ஓர் ஓடை) சேதம் என்று வரிசையாக வரும். ‘இன்வேலிட் டேட்டா ஃபவுண்ட்’, ‘எர்ரர் வைல் டிகோடிங்’ போன்ற வரிகளைத் தேடுங்கள். இதிலேயே கிராஷ் ஆனால் என்கோடர் செட்டிங்குக்குப் பங்கே இல்லை.

சேதம் இருப்பது உறுதியானால், முதலில் மறு என்கோடிங் இல்லாமல் அப்படியே எம்கேவி பெட்டிக்குள் (படத்தையும் ஒலியையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வடிவம்) மாற்றிப் பாருங்கள். நேரக்குறிகள் குழம்பியிருந்தால் இதிலேயே சரியாகலாம். அதுவும் ஆகாவிட்டால், கெட்ட பாக்கெட்டுகளைத் தள்ளிவிடும் ‘டிஸ்கார்ட்கரப்ட்’ என்ற தெரிவைக் கட்டளையில் சேர்த்து ஓட்டுங்கள். கடைசி வழி, கெட்ட இடத்துக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று வெட்டி, இரண்டையும் தனித்தனியாக மாற்றி ஒட்டுவது. சில நொடிகள் போகும், மிச்சம் கிடைக்கும்.

பழைய கல்யாண டிவிடிகளில் இது நிறைய வரும். அவற்றில் வீடியோ 1 ஜிபி விஓபி ஃபைல்களாகப் பிரிந்திருக்கும். நேரடியாக டிஸ்க்கிலிருந்து கன்வெர்ட் செய்யாதீர்கள். கீறல் உள்ள இடத்தில் டிரைவ் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், புரோகிராம் உறைந்துபோனது போல இருக்கும். முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். சாதாரணமாக நகலாகாத டிஸ்க்குக்கு லினக்ஸில் ‘டிடிரெஸ்க்யூ’ இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிக்கு அப்புறம் திரும்பி வரும். அந்த நிகழ்ச்சிக்கு வேறு பிரதி இல்லை என்கிறபோது இந்தப் பொறுமை அவசியம். எழுதக்கூடிய டிவிடிகள் காலம் போகப் போகக் கெட்டுக்கொண்டே போகின்றன. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்’ என்றால் என்ன?

எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ‘மூவ்’ என்ற பகுதியில் இருக்கும். கேமராவும் போனும் ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் அதை எழுதும். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, கார்டைப் பிடுங்கினாலோ அட்டவணை இல்லாமல் படம் மட்டும் இருக்கும். கன்வெர்ட்டரால் எதுவும் செய்ய முடியாது. ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து அட்டவணையைத் திரும்ப உருவாக்க முயலும். பல நேரம் பலிக்கிறது. ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் ரெக்கார்ட் செய்பவர்கள் எம்கேவி-யிலோ, 2024-ல் வந்த 30.2 பதிப்பு முதல் இருக்கும் ‘ஹைப்ரிட் எம்பி4’ வடிவத்திலோ பதிவு செய்தால் இந்த இழப்பு வராது.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கிராஷ் ஆகிறது. மற்ற வேலைகளில் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.

மற்ற வேலைகள் கம்ப்யூட்டரை இந்த அளவுக்குக் கேட்பதில்லை. வீடியோ என்கோடிங் எல்லாக் கோர்களையும் மணிக்கணக்கில் நூறு சதவீதத்தில் வைத்து, ரேமையும் இடைவிடாமல் படித்து எழுதும். பிரவுசரிலும் வேர்டிலும் தலைகாட்டாத ரேம் கோளாறு இங்கே வெளிவந்துவிடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘ஆக்சஸ் வயலேஷன்’, அதாவது சி எழுத்துக்குப் பின் 0000005 என்று முடியும் குறியீடு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாட்யூல் பெயரோடு இருந்தால் என் சந்தேகம் மென்பொருளை விட்டு ரேமுக்குப் போய்விடும்.

இதை உறுதிசெய்ய எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. எஃப்எஃப்எம்பெக்கில் வெளியீட்டு வடிவமாக ‘எம்டி5’ என்று கொடுத்து, ஒரு நல்ல வீடியோவைப் பிரிக்கச் சொல்லுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு உதவி இல்லாமல், புராசஸரிலேயே. முடிவில் 32 எழுத்துள்ள ஒரு சரம் கிடைக்கும். அதே கட்டளையை மறுபடியும் ஓட்டுங்கள். ஒரே ஃபைலுக்கு ஒரே சரம்தான் வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் எங்கோ ஒரு பிட் தவறியிருக்கிறது என்று அர்த்தம், அது ஹார்ட்வேர் தவறு.

பிறகு பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் இடம்) எக்ஸ்எம்பி (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அல்லது ஓவர்கிளாக் ஏதாவது போட்டிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி வேகம். எல்லா மதர்போர்டும் புராசஸரும் அதில் நிலையாக ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. அதிலும் தீரவில்லை என்றால் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனைக் கருவியை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் சரியில்லை. ‘ஒன்றுதானே’ என்று விடக்கூடாது. இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எது கெட்டது என்று தெரியும். பல ரேம்களுக்கு நீண்ட கால வாரன்டி உண்டு. பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் புதிதாக வாங்குவதை யோசியுங்கள்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை கோர் டெஸ்க்டாப் புராசஸர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் சில மாடல்கள் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு நாளடைவில் கெட்டுப்போவதை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டது. கேம் ஆடுகிறவர்களுக்கு அது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற பிழையாகத்தான் வந்தது. கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதே அப்படி வந்ததால் பலர் தேவையில்லாமல் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். இன்டெல், புராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோட் என்ற நிரலுக்குத் திருத்தங்களை வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் வருகிறது, ஆகவே மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன புராசஸரை அப்டேட் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரே அணைந்துவிடுகிறது.

இது மெமரி பிழை அல்ல. சூடு, பவர் சப்ளை, யூபிஎஸ் இந்த மூன்றில் ஒன்று. ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர்’ 41 என்று பதிவாகியிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியைத் திறந்து வைத்து, என்கோடிங் ஓடும்போது புராசஸரின் வெப்பத்தைப் பாருங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், அடியில் காற்று போகும் வழி அடைபட்டுவிடும். நம் ஊர் கோடையில், ஃபேனில் தூசி அடைந்த கம்ப்யூட்டரில், மதியம் முழுக்க எக்ஸ்265 ஓட்டுவது கடினமான சோதனை. தூசியைச் சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் மாற்றி, பெரிய வேலைகளை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். த்ரெட்களைப் பாதியாகக் குறைத்தாலும் சூடு குறையும்.

கிராஃபிக்ஸ் கார்டு வழியாக என்கோட் செய்தால் ‘அவுட் ஆஃப் மெமரி 10’ என்று வருகிறது. கார்டில் 8 ஜிபி இருக்கிறது.

என்விடியா ஜீஃபோர்ஸ் கார்டுகளில் ‘ஓப்பன்என்கோட்செஷன்எக்ஸ் ஃபெயில்ட்’ என்ற வரியோடு இது வந்தால், பெரும்பாலும் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே நேரத்தில் எத்தனை என்கோடிங் ஓடலாம் என்று டிரைவர் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டினாலும் இதே செய்திதான். பழைய டிரைவர்களில் அந்த வரம்பு 2 அல்லது 3. 2023-ல் 5 ஆக்கினார்கள், 2024-ல் 8. ஆகவே டிரைவரை அப்டேட் செய்யுங்கள். பின்னணியில் ஓபிஎஸ், ஸ்கிரீன் ரெக்கார்டர் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள், அவையும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்று, இந்தக் கார்டுகளின் எச்.264 என்கோடர் 4096 பிக்சல் அகலத்துக்கு மேல் எடுக்காது. 5760 அகலமுள்ள 360 டிகிரி கேமரா வீடியோவைக் கொடுத்தால் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். எச்.265-க்கு மாற்றுங்கள், அது 8192 வரை போகும்.

‘டூ மெனி பாக்கெட்ஸ் பஃபர்ட் ஃபார் அவுட்புட் ஸ்ட்ரீம்’ என்று வருகிறது.

படம், ஒலி, சப்டைட்டில் என்று எல்லா ஓடைகளும் தயாரானால்தான் எஃப்எஃப்எம்பெக் வெளியீட்டை எழுதத் தொடங்கும். ஒன்று தாமதித்தால் மற்றவை வரிசையில் நிற்கும், வரிசை நிறைந்தால் இந்தச் செய்தி. ‘மேக்ஸ் மக்ஸிங் க்யூ சைஸ்’ என்ற அளவை 1024 அல்லது அதற்கு மேல் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால், காலியான ஓர் ஒலி ஓடையோ சப்டைட்டிலோ ஃபைலில் இருக்கும். அதை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

99 சதவீதம் வந்து நின்றுவிடுகிறது.

வெளியீடு எங்கே போகிறது? பென் டிரைவ் என்றால் அது ஃபேட்32 ஆக இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள், அல்லது ஹார்ட் டிஸ்கில் எழுதிவிட்டுப் பிறகு நகலெடுங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். கடைசியில் அல்லாமல் ஆரம்பத்திலேயே எழுத முடியவில்லை என்று வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் இருக்கும் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ தடுத்திருக்கலாம். அதில் உங்கள் கன்வெர்ட்டரை அனுமதித்துவிடுங்கள்.

ஃபைல் பெயர் தமிழில் இருந்தால் பிரச்சினை வருமா?

இப்போதைய ஹேண்ட்பிரேக்கிலும் எஃப்எஃப்எம்பெக்கிலும் தமிழ்ப் பெயர் தாராளமாகப் போகும். யூனிகோட் தெரியாத பழைய கருவிகள்தான் திறக்கவே முடியாமல் மூடிக்கொள்ளும். ஆனால் நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘கொ’ போன்ற எழுத்தில் ‘க’வும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அதற்கு மட்டும் ஆறு பைட். மொத்தம் 85 குறியீடுகள்தான் கிடைக்கும். ‘பெரியப்பா வீட்டுக் கல்யாணம் முதல் நாள் மாலை வரவேற்பு’ என்று எழுதியதுமே 140 பைட்டைத் தாண்டிவிடும். விண்டோஸில் பல புரோகிராம்கள் ஃபோல்டர் வழியோடு சேர்த்து 260 எழுத்துக்குமேல் ஏற்பதில்லை. சந்தேகம் இருந்தால் ஃபைலுக்குச் சின்னப் பெயர் வைத்து டிரைவின் முதல் ஃபோல்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

லினக்ஸில் ‘கில்டு’ என்று ஒரே வார்த்தை வந்து நின்றுவிடுகிறது.

மெமரி தீர்ந்ததும் கெர்னல் ஒரு புராசஸைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடுகிறது. முடிவுக் குறியீடு 137 என்று இருந்தால் பெரும்பாலும் இதுதான். ‘டிமெசெஜ்’ கட்டளையில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி இருந்தால் உறுதி. 139 என்றால் கதை வேறு, அது புரோகிராம் தானாக விழுந்தது. 1 ஜிபி ரேம் உள்ள வாடகை சர்வரில் ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இல்லாமல் என்கோட் செய்கிறவர்களுக்கும், டாக்கரில் மெமரி வரம்பு போட்டவர்களுக்கும் 137 பழகிப்போயிருக்கும். ஸ்வாப் சேர்ப்பது உயிரைக் காப்பாற்றும், ஆனால் வேலை மிகவும் மெதுவாகும். த்ரெட் எண்ணிக்கையைக் குறைப்பது அதைவிட நல்லது.

என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. வழியே இல்லையா?

இருக்கிறது. முதலில், உண்மையில் மாற்ற வேண்டுமா என்று பாருங்கள். டிவியில் எம்கேவி ஓடவில்லை என்பதற்காக முழுதாக மறு என்கோட் செய்கிறவர்கள் அதிகம். உள்ளே இருப்பது எச்.264 படமும் ஏஏசி ஒலியுமாக இருந்தால், பெட்டியை மட்டும் எம்பி4 ஆக மாற்றினால் போதும். தரம் குறையாது, மெமரியும் கேட்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் த்ரெட்டை 2 ஆக வையுங்கள், பிரீசெட்டை ‘ஃபாஸ்ட்’ அல்லது ‘வெரிஃபாஸ்ட்’ ஆக்குங்கள், எக்ஸ்265-ஐ விட்டு எக்ஸ்264-க்கு வாருங்கள், 10-பிட்டைத் தவிருங்கள். 4கே-யை 1080 ஆகக் குறைப்பதாக இருந்தால் அந்த ஸ்கேல் ஃபில்டர் மற்ற ஃபில்டர்களுக்கு முன்னால் வரட்டும். பின்னால் வருபவை எல்லாம் கால் பங்கு ஃபிரேமோடு வேலை செய்யும். மெமரியில் மிச்சம் பிடிக்க வேறு எந்த மாற்றமும் இந்த அளவுக்கு உதவாது. பிரவுசரையும் மூடிவிடுங்கள்.

உதவி கேட்கும்போது என்ன தகவல் தர வேண்டும்?

ஹேண்ட்பிரேக்கின் ‘ஆக்டிவிட்டி லாக்’, அல்லது எஃப்எஃப்எம்பெக்கின் முழுக் கட்டளையும் அது தந்த முழு வெளியீடும். கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்புவதால் பயனில்லை. ‘கன்வர்ஷன் ஃபெயில்ட்’ என்ற கடைசி வரி விளைவு மட்டும்தான், காரணம் பத்து இருபது வரி மேலே இருக்கும். அனுப்பும் முன் லாகில் உங்கள் பெயர், ஃபோல்டர் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஆறு மணி நேரம் ஓடிய பிறகு கிராஷ் ஆனது. வந்தவரை காப்பாற்ற முடியுமா?

வெளியீடு எம்கேவி என்றால் வந்தவரை ஓடும். எம்பி4 என்றால் மேலே சொன்ன ‘மூவ்’ எழுதப்படாமல் போயிருக்கும், பெரும்பாலும் போனதுதான். அதனால் நீளமான வேலைகளை எப்போதும் எம்கேவி-யில் எழுதி, முடிந்த பிறகு எம்பி4 பெட்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலையில்லாத கம்ப்யூட்டரில் இன்னும் நல்லது, மூல வீடியோவை மறு என்கோடிங் இல்லாமல் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ஒட்டுவது. ஒன்று கெட்டால் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். எல்லாத் துண்டுக்கும் ஒரே செட்டிங் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. ஒலியை மட்டும் துண்டு போடாமல், மூல ஃபைலிலிருந்து ஒரே நீளமாகத் தனியே மாற்றிச் சேருங்கள். ஏஏசி ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கொஞ்சம் வெற்று ஒலியைச் சேர்க்கும், ஒட்டிய இடங்களில் அது ‘டிக்’ என்று கேட்கும்.